வன்னியில் கணித பாடம்: கடகமும் சோகியும் கொத்தும் வகுப்புக்கு வர என்ன செய்ய வேண்டும்?

"பாரம்பரியப் பொருட்களைக் கொண்டு கணிதம் கற்பியுங்கள்" என்று செயலமர்வில் சொல்லிவிடுவார்கள். எந்தப் பொருள் எந்தப் பாட அலகுக்குப் பொருந்தும், அதை எங்கே வாங்குவது, காசு யார் தருவது, பற்றுச்சீட்டு இல்லாத ஆச்சியிடம் வாங்கினால் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மல்லாவி, நெடுங்கேணி என்று வன்னிப் பக்கம் முதல் நியமனம் கிடைத்து வரும் கணித ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விசாரித்து அலைந்து கற்றுக்கொண்டதை நீங்கள் உட்கார்ந்து வாசித்தே தெரிந்துகொள்ளலாம். தலைப்பில் உள்ள கடகம் பனையோலையில் பின்னிய பெரிய பெட்டி, சோகி என்பது சோழி, கொத்து நெல்லும் அரிசியும் அளக்கும் பேணி.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுளகைத் தூக்கிக் காட்டி "பிள்ளைகள், இதன் வடிவம் என்ன?" என்று கேட்டுவிட்டு மேசையில் வைப்பது கணித பாடம் அல்ல. பிள்ளை அந்தப் பொருளை அளக்க வேண்டும், விடையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அது பிழைக்க வேண்டும், ஏன் பிழைத்தது என்று கணக்குப் போட வேண்டும். அப்படி எதற்கும் இடம் தராத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

1. முதலில் அலகு, பிறகு பொருள்

பொருளை வாங்கி வைத்துவிட்டு அதற்குப் பாடம் தேடினால் நேரம்தான் வீணாகும். ஆசிரியர் வழிகாட்டியை எடுத்து, அடுத்த தவணையில் வரும் அலகுகளில் பிள்ளைகள் வழக்கமாக இடறும் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரிதியும் பரப்பளவும், கூம்பின் கனவளவு, நிகழ்தகவு, சதவீதம், எண்கோலம் ஆகியவற்றுக்கு வன்னியில் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் உண்டு. சமன்பாடு தீர்ப்பதற்கும் மடக்கைக்கும் வலிந்து பொருள் தேடாதீர்கள். கரும்பலகையே போதும்.

தவணைக்கு இரண்டு பாடம் போதும் என்பது என் கருத்து. வாரம் ஒரு கண்காட்சி வைத்தால் பாடத்திட்டம் பின்தங்கும், பகுதித் தலைவரும் முகம் சுளிப்பார். அவர் சுளிப்பதில் நியாயமும் இருக்கிறது.

2. பொருள் எங்கே கிடைக்கும், என்ன செலவாகும்

"நாளைக்கு அம்மம்மா வீட்டில இருந்து பழைய பொருள் ஒன்று கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேறு ஊர்களில் அது சாதாரண வீட்டுவேலை. இங்கே 2008, 2009 இடப்பெயர்வில் உரல், குத்துவிளக்கு, கொத்து, பெட்டகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்கள் கனக்க. சில வீடுகளில் அம்மம்மாவே இல்லை. பொருளைப் பாடசாலை வாங்க வேண்டும், அல்லது நீங்கள் இரவல் வாங்க வேண்டும். பிள்ளை தானாக விரும்பிக் கொண்டுவந்தால் அது வேறு.

சுளகு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, சின்னப் பெட்டிகள் சந்தைகளில் கிடைக்கும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களிலும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, பாடசாலைக்கு அருகில் ஓலை பின்னும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது. சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் கேட்டால் பெரும்பாலும் ஆள் தெரியவரும். நேரில் சொன்னால் நீங்கள் கேட்ட அளவிலேயே பின்னித் தருவார்கள். கணக்குக்கு இது பெரிய வசதி, ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன். சின்னப் பொருட்கள் சில நூறு ரூபாயில் முடியும். நார் வைத்துப் பொத்திய பெரிய கடகம் என்றால் கூடுதலாக எடுத்து வையுங்கள். பேரம் பேசாதீர்கள். ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, பின்னும் வேலைக்கு அவர்கள் கேட்கும் விலை குறைவுதான்.

சோகி வேண்டுமென்றால் முல்லைத்தீவுக் கரைப்பக்கப் பிள்ளைகளிடம் சொன்னால் போதும். அந்தப் பக்கம் ஆளில்லாவிட்டால் கோயில் திருவிழாக் கடைகளில் தேடுங்கள்.

ஓலை வெட்டவோ விதை பொறுக்கவோ பிள்ளைகளைப் பற்றைக்காணிக்குள் அனுப்பாதீர்கள். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியா என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து வந்த உங்களுக்குத் தெரியாது. பழைய இரும்புச் சாமான் எதுவும் வகுப்புக்கு வரக்கூடாது என்பதையும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

3. கடிதம், பற்றுச்சீட்டு, பதிவேடு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நல்ல பாடம் எடுத்துவிட்டுக் கடதாசியால் மாட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். தரம், அலகு, தேர்ச்சி, தேவையான பொருட்கள், உத்தேசச் செலவு, செய்யும் வாரம் ஆகியவை இருக்கட்டும். அதே விபரத்தைப் பாடக்குறிப்புப் புத்தகத்திலும் எழுதிவிடுங்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து திடீரென்று யாராவது வந்து, வகுப்பில் நெல்லும் பெட்டியும் பரவிக் கிடப்பதைப் பார்த்தால் முதலில் கேட்பது பாடக்குறிப்பைத்தான்.

பணத்துக்கு இரண்டு வழி உண்டு. தர உள்ளீட்டு நிதியில் கற்றல் உபகரணமாக வாங்கலாம், ஆனால் அதற்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டத்தில் பெயர் ஏற வேண்டும். நடுவில் போய்க் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். இல்லையென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்கலாம், கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வழியென்றாலும் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்பது வேண்டாம். அது திரும்பி வருவது அருமை.

ஓலை பின்னும் ஆச்சியிடம் அச்சடித்த பற்றுச்சீட்டு இருக்காது. ஒரு தாளில் திகதி, பொருள், எண்ணிக்கை, தொகை, அவருடைய பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இப்படிப்பட்ட தாளை ஏற்பீர்களா என்று கணக்குப் பார்ப்பவரிடம் வாங்குவதற்கு முதலே கேட்டு வையுங்கள்.

வாங்கிய பொருள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறும். ஏறினால் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் அது இருந்தே ஆக வேண்டும். ஓலைப் பெட்டியைப் பூச்சி அரித்துவிட்டது என்று நீங்களாகவே எறிந்தால் "பெட்டி எங்கே?" என்ற கேள்வி வரும். அரித்ததையும் வைத்திருந்து, முறைப்படி கழித்த பிறகே எறியுங்கள். இரவல் பொருளைப் பதிவேட்டில் ஏற்றவே கூடாது. அதற்குத் தனியாக ஒரு கொப்பி போட்டு, யாருடையது, எப்போது திருப்பிக் கொடுத்தது என்று எழுதி வையுங்கள்.

பின்னுபவரின் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தால் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதமும் அதிபரின் அனுமதியும் வேண்டும், கூட இன்னோர் ஆசிரியரும் வர வேண்டும். பின்னுபவரைப் பாடசாலைக்கு அழைப்பது இதைவிடச் சுலபம்.

4. கடகமும் நீத்துப்பெட்டியும்

கடகத்தை அல்லது ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி சதுரம், வாய் வட்டம். பின்னுபவர் இடையில் ஓலையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அடியில் நாலு பக்கமும் எழும்பிய அதே ஓலைகள்தான் மேலே போய் வட்டமாகச் சுற்றி நிற்கின்றன. ஆகவே சதுரத்தின் சுற்றளவும் வட்டத்தின் பரிதியும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் பரப்பளவும் ஒன்றா? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிக் கையுயர்த்தச் சொல்லுங்கள். வகுப்பில் பெரும்பாலானோர் "ஓம்" என்பார்கள்.

அடியின் பக்கம் 22 சென்ரிமீற்றர் வரும்படி பின்னச் சொல்லி வாங்கினால் கணக்கு ஒழுங்காக வரும். சுற்றளவு 88. பரிதி 88 என்றால், பையை (π) 22/7 என எடுக்க, ஆரை 14. சதுரத்தின் பரப்பளவு 484 சதுர சென்ரிமீற்றர், வட்டத்தின் பரப்பளவு 616. ஒரே அளவு ஓலை, ஆனால் வாய் நாலில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெரியது. விகிதம் 14:11. சதுரத்தின் பக்கத்தை மாற்றினாலும் இந்த விகிதம் மாறுமா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள், அட்சரகணிதம் தானாக வந்துவிடும்.

உண்மையான பெட்டியின் வாய் கொஞ்சம் விரிந்தோ ஒடுங்கியோ இருக்கும், சரியாக 14 வராது. அதை மறைக்காதீர்கள். வழு ஏன் வந்தது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். பொத்திய கடகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விளிம்பில் நார் வைத்துக் கட்டியிருப்பதால் வெளியே அளந்தால் கூடும். ஒரு குழு உள்ளே அளந்து மற்றக் குழு வெளியே அளந்தால் வகுப்பு சண்டையில் முடியும். எங்கே அளப்பது என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கணிதக் கருவிப்பெட்டிக்குள் இருக்கும் 15 சென்ரிமீற்றர் அடிமட்டத்தால் வட்டம் அளக்க முடியாது. தையல்காரர் பாவிக்கும் அளவு நாடா குழுவுக்கு ஒன்று வேண்டும், அல்லது நூலைச் சுற்றி எடுத்து மீற்றர்க் கோலில் நீட்டிப் பார்க்கலாம்.

நீத்துப்பெட்டி தரம் 11க்கு. பிட்டு அவிக்கும் அந்தக் கூம்பைத் தெரியாத பிள்ளை இருக்காது. வாயின் விட்டம் 14, உயரம் 18 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். 44க்கு 18 சென்ரிமீற்றர் மட்டை ஒன்றைச் சுருட்டி ஒட்டினால் அதே வாயும் அதே உயரமும் கொண்ட உருளை கிடைக்கும். ஒட்டுவதற்கு ஒரு சென்ரிமீற்றர் கூட விட்டு 45 ஆக வெட்டுங்கள், இல்லாவிட்டால் உருளை ஒடுங்கிவிடும். பிறகு நீத்துப்பெட்டியால் பயறு அள்ளி உருளைக்குள் கொட்டச் சொல்லுங்கள். எத்தனை தரம் கொட்டினால் நிரம்பும்? தண்ணீர் வேண்டாம், ஓலை ஒழுகும். மணலும் வேண்டாம், பின்னல் இடுக்கால் கொட்டும். ஒவ்வொரு முறையும் தலை தட்டி அளக்க வேண்டும், குவித்தால் கணக்கு பிழைக்கும்.

சூத்திரப்படி மூன்று தரம். கூம்பின் கனவளவு 924 கன சென்ரிமீற்றர், உருளையுடையது 2772. ஆனால் நீத்துப்பெட்டியின் பக்கங்கள் நேராக இராது, கொஞ்சம் வயிறு தள்ளி இருக்கும். அதனால் மூன்றாவது பெட்டி முழுதும் கொட்டி முடிவதற்குள் உருளை நிரம்பிவிடும். "சேர், சூத்திரம் பிழையோ?" என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். சரியான கூம்பு ஒன்றை மட்டையில் செய்து பக்கத்தில் வைத்துத் திரும்பக் கொட்டிக் காட்டுங்கள். சாய் உயரத்தை நூலால் அளந்து பைதகரசுடன் ஒப்பிட்டால் அதே இரட்டைப் பாடவேளையில் இன்னோர் அலகையும் தொட்டுவிடலாம்.

5. சோகி எறிந்து நிகழ்தகவு

நாலு சோகியை எறிந்தால் வாய் மேலாக விழுபவை பூச்சியம் முதல் நாலு வரை இருக்கலாம். சோகி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்தால் 16 வாய்ப்புகள். அவை 1, 4, 6, 4, 1 என்று பிரியும். ஒரு பிள்ளை 20 தரம் எறிந்து குறித்தால், 30 பேர் வகுப்பில் 600 எறிதல் சேரும். கொள்கைப்படி இரண்டு வாய் மேலாக விழுவது 225 தரம், ஒன்றும் மூன்றும் 150 தரம் வீதம் வர வேண்டும்.

வராது. சோகியின் முதுகு வளைந்தது, வாய்ப்பக்கம் தட்டை. இரண்டு பக்கமும் சமமாக விழ அதற்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் இதே எறிதலை நாலு ஒரே நாணயங்களைக் கொண்டும் செய்ய வைத்து, இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நாணயம் கொள்கைக்குக் கிட்டவாக வரும், சோகி விலகி நிற்கும். கொள்கை நிகழ்தகவுக்கும் பரிசோதனை நிகழ்தகவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு சோகியை மட்டும் நூறு தரம் எறிந்து, அதிலிருந்து நாலு சோகிக்கான வாய்ப்பைக் கணிக்கச் சொல்லலாம்.

சோகி எறிந்து ஆடும் தாயம் என்றால் சில பெற்றோருக்குச் சூது என்ற எண்ணம் வரும். பிள்ளை வீட்டில் போய் "இண்டைக்குக் கணித பாடத்தில சோகி எறிஞ்சனாங்கள்" என்று சொல்வதற்கு முதல் அதிபருக்குத் தெரிந்திருக்கட்டும். வெற்றி தோல்வி, பந்தயம் எதுவும் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையில் எறிந்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், ஒரு சாக்கை விரியுங்கள்.

6. கொத்து, சுண்டு, நெல் மூட்டை

சுண்டு கொத்தைவிடச் சின்னப் பேணி; நாலு சுண்டு ஒரு கொத்து என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அந்தக் கொத்து எத்தனை மில்லிலீற்றர்? புத்தகத்தில் தேடாதீர்கள், வீட்டுக்கு வீடு பேணி மாறும். விஞ்ஞான கூடத்தில் அளவுச்சாடியை இரவல் வாங்கி அளக்க வையுங்கள். நெல் அளக்கும் பெரிய அளவை புசல், ஒரு புசல் 36.37 லீற்றர். உங்கள் வகுப்புக் கொத்தால் எத்தனை கொத்து ஒரு புசல் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. அதே புசல் அரிசி அதே நிறையா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும்.

தரம் 10, 11க்கு நெல் மூட்டையே போதும். நெல் சந்தைப்படுத்தல் சபை உலர்ந்த நெல்லாக எடுக்கும் நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? எல்லோரும் 92 என்பார்கள். ஈரம் போக உள்ளது 78 கிலோ, காய்ந்த பிறகு அது மொத்தத்தில் 86 சதவீதம். 78ஐ 0.86ஆல் பிரித்தால் 90.7 கிலோ. அந்த ஒரு கிலோ சொச்சம் எங்கே போனது என்று தகப்பன்மார்கூடக் கேட்டு வருவார்கள். வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது சோதனைக் கேள்வி அல்ல, வீட்டுச் செலவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் காணியைப் பரப்பில் சொல்வீர்கள், இங்கே பிள்ளைகள் ஏக்கரில் யோசிப்பார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். உதாரணக் கணக்கை ஏக்கரில் போடுங்கள். பரப்பை மாற்றல் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

7. புள்ளிக் கோலம்

இதற்குச் செலவு ஒரு வெண்கட்டி. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. ஒரு படி சிறியது 13, அதற்கும் சிறியது 5. 5, 13, 25 தொடரில் அடுத்தது என்ன? சாய்வாகப் பார்த்தால் ஒரு நாலு நாலு சதுரமும் ஒரு மூன்று மூன்று சதுரமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும்: 16 + 9. அதைக் கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். பெடியள் "இது பெட்டையளின்ர வேலை" என்று ஒதுங்கினால் கோலம் போடச் சொல்லாமல் புள்ளியை மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

8. எப்போது செய்வது

தவணைத் திகதிகள் வருடத்துக்கு வருடம் தள்ளிப்போகும், வயல் தள்ளிப்போகாது. தைப்பொங்கலை ஒட்டிய வாரங்கள் கோலத்துக்கு. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை, நெல்லும் சாக்கும் வீட்டில் இருக்கும் காலம் அது. ஆனால் அதே நாட்களில் வயலுக்குப் போகும் பிள்ளைகளால் வரவும் குறையும், ஆகவே வரவு நன்றாக உள்ள நாளாகப் பார்த்துப் போடுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரம் முல்லைத்தீவுப் பக்கம் எந்தச் செயற்பாடும் வேண்டாம், பாதி வகுப்பு இருக்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஓலை பூஞ்சணம் பிடிக்கும், பின்னுபவர்களும் அந்தக் காலத்தில் குறைவாகவே பின்னுவார்கள். பெட்டி வேண்டுமென்றால் ஆவணிக்குள் சொல்லி வையுங்கள்.

ஒற்றைப் பாடவேளையில் பொருளைப் பங்கிடுவதற்குள் மணி அடித்துவிடும். நேரசூசியில் இரட்டைப் பாடவேளை இல்லாவிட்டால் பக்கத்துப் பாட ஆசிரியரிடம் ஒரு நாள் மாற்றிக் கேளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் கடந்தகால வினாத்தாளில் அதே அலகுக் கேள்வி ஒன்றைக் கொடுத்துக் கொப்பியில் செய்விக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளையின் தாய் கொப்பியைத்தான் திறந்து பார்ப்பார். அதில் நீத்துப்பெட்டிப் படம் மட்டும் இருந்தால் ரியூசனுக்குக் கூட்டுவார், கணக்கும் இருந்தால் விட்டுவிடுவார்.

பல்தர வகுப்பு என்றால் ஒரே கடகத்தைச் சிறியவர்கள் நூலால் அளக்கட்டும், பெரியவர்கள் பரப்பளவைக் கணிக்கட்டும். பொருள் ஒன்று, வேலைத்தாள் இரண்டு.

9. முடிந்த பிறகு

பயறு, நெல் துகள் ஒன்றும் பெட்டியின் இடுக்கில் இருக்கக்கூடாது, எலி வரும். தட்டி, ஒரு நாள் வெயிலில் வைத்து, நிலத்தில் படாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். அலுமாரிக்குள் பூட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சணம்தான் மிஞ்சும். மட்டை உருளைகளைத் தட்டையாக மடித்து வைத்தால் அடுத்த வருடமும் உதவும். இரவல் வாங்கிய கொத்தை அதே கிழமை திருப்பிக் கொடுங்கள், போகும்போது பிள்ளைகள் அளந்த மில்லிலீற்றர் எண்ணிக்கையையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை கேட்காமலே தருவார்கள்.